அச்சு யார் கையில்?

மோட்டார்த் தொழிலும் அந்நியக் கூட்டும்: எண்ணூரிலிருந்து ஷாங்காய் வரை

(விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு.)



கூட்டம் துவங்குவதற்கு முன்னால், சூளையில் வேலை செய்யும் ஒரு இளந்தோழர் என்னிடம் வந்தார். "அண்ணே, எம்.ஜி. என்று எழுதிய கார் ரோட்டில் ஓடுகிறதே. ஒருவன் அதை இங்கிலீஷ் கார் என்கிறான். ஒருவன் சீனாக் கார் என்கிறான். இன்னொருவன் குஜராத்தில் செய்தது என்கிறான். இதில் எது உண்மை?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. மூன்றும் உண்மைதான். பெயர் இங்கிலீஷ் பெயர். மோரிஸ் கராஜஸ் என்று இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரத்தில் இருந்த ஒரு கார்க் கடையின் சுருக்கப் பெயர் அது. பெயருக்கு இன்று சொந்தக்காரன் ஷாங்காய் நகரத்துக் கம்பெனி; சுருக்கமாக சைக் என்பார்கள். கார் தயாராகும் இடம் குஜராத்தில் உள்ள ஹலோல். அங்கே அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்டுப்போன பாக்டரியைச் சீனக் கம்பெனி 2017-ம் ஆண்டில் வாங்கியது. 2024-ல் இந்திய முதலாளிகளான ஜே.எஸ்.டபிள்யூ. குழுவினர் 35 சதவிகிதப் பங்குடன் அதில் கூட்டுச் சேர்ந்தார்கள்.

ஆக, ஒரே காருக்கு நான்கு தேசத்துச் சம்பந்தம். இது எப்படி நேர்ந்தது? வெளிநாட்டானிடம் வித்தை கற்க வந்த சீனக் கம்பெனி, கற்றுக் கொடுத்தவனின் பெயரையே விலைக்கு வாங்கியது எப்படி? அதே காலத்தில், அதே இங்கிலாந்துக்காரனோடு கூட்டுச் சேர்ந்த நம்முடைய பாக்டரிகள் என்ன ஆயின? இதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

"நாங்கள் களிமண் பிசைகிறவர்கள், நாற்று நடுகிறவர்கள். காரைப் பற்றி எங்களுக்கு எதற்கு?" என்று யாரும் நினைக்க வேண்டாம். நீங்கள் இந்த ஊருக்கு வந்த பஸ்ஸைப் பற்றிய கதை இது. உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று போயிருக்கிறார்கள்? எத்தனை பேர் அங்கே காண்டிராக்டு ஆளாக, பயிற்சியாளனாக, வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறிக்கொண்டிருக்கிறார்கள்? அவர்களுடைய கதையும் இதுதான். பெட்ரோல் இஞ்சினில் தீப்பொறி எழுப்பும் ஸ்பார்க் பிளக்கைப் பார்த்திருப்பீர்கள். அதில் வெள்ளையாக இருப்பது என்ன? பீங்கான்தானே! ஆகவே கார் உங்களுக்கு அந்நியமல்ல.

உங்கள் தொழிலை வைத்தே ஆரம்பிக்கிறேன். களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுகிறீர்கள். அச்சு நீரை உறிஞ்சுகிறது, பண்டம் உருவாகிறது. ஆனால் அந்த அச்சு எத்தனை நாள் தாங்கும்? ஊற்ற ஊற்றத் தேய்கிறது, விளிம்பு மழுங்குகிறது. அப்போது என்ன செய்வீர்கள்? மூல உருவத்தை எடுத்துப் புது அச்சு வார்ப்பீர்கள். மூல உருவம் இல்லாதவன் அதை வைத்திருப்பவனிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். மூல உருவத்தைத் தானே செதுக்கத் தெரிந்தவன் யாரிடமும் நிற்க வேண்டியதில்லை.

மோட்டார்த் தொழிலின் எழுபது, எண்பது வருஷத்துச் சரித்திரம் முழுவதும் இந்த மூன்று வகை ஆட்களுக்குள் அடங்கிவிடும். இரவல் அச்சில் ஊற்றியவன், அச்சை விலைக்கு வாங்கியவன், அச்சைச் செதுக்கக் கற்றவன்.

எண்ணூரில் நடந்தது

சுதந்திரம் வந்த மறுவருஷம், 1948 செப்டம்பரில், ரகுநந்தன் சரண் என்ற தொழிலதிபர் சென்னைக்கு வடக்கே எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனியைத் துவக்கினார். தமது மகன் அசோக்கின் பெயரைத்தான் கம்பெனிக்கு வைத்தார். இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனி பாகம் பாகமாக அனுப்பும், இவர்கள் பூட்டி முடுக்கி ஆஸ்டின் ஏ-40 காராக வெளியே விடுவார்கள். இது இரவல் அச்சு வேலைதான்.

அந்த ஆஸ்டின் கார் பிறந்த இடம் பர்மிங்காம் நகரத்தை ஒட்டிய லாங்பிரிட்ஜ் பாக்டரி. இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள். பிறகு வருகிறேன்.

அப்போது இந்திய சர்க்கார் ஒரு காரியம் செய்தது. வெறுமனே பாகங்களை இறக்கிப் பூட்டுவது போதாது, படிப்படியாக இங்கேயே தயாரிக்கும் திட்டம் வேண்டும் என்று டாரிப் கமிஷன் 1953-ல் சொன்னது. திட்டம் இல்லாதவர்கள் கடையைக் கட்ட வேண்டியதுதான். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் இங்கே பல வருஷமாகப் பூட்டும் வேலை செய்து லாபம் பார்த்தவர்கள். தயாரிப்பு என்றதும் இருவரும் மூட்டை கட்டினார்கள்.

எண்ணூர்க் கம்பெனி காரை விட்டுவிட்டு லாரி, பஸ்ஸின் பக்கம் திரும்பியது. இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து, ஆண்டுக்கு 1,000 காமெட் லாரிகளைப் படிப்படியாக இங்கேயே தயாரிக்க 1954-ல் அனுமதி பெற்றது. 1955-ல் லேலண்ட் பங்கு மூலதனத்தோடு உள்ளே வந்தது. கம்பெனியின் பெயரும் அசோக் லேலண்ட் ஆயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்நாட்டிலேயே செய் என்ற நிர்ப்பந்தம் இருந்ததால், எண்ணூரைச் சுற்றி ஒரு பெரிய பட்டறைக் குடும்பமே முளைத்தது. செம்பியத்தில் பிஸ்டன் பாக்டரி. பாடியில் சக்கரம் செய்ய வீல்ஸ் இந்தியா, பிரேக் செய்ய பிரேக்ஸ் இந்தியா, மின்சாரச் சாமான் செய்ய லூகாஸ்-டி.வி.எஸ். இவற்றிலும் வெளிநாட்டுக் கூட்டு இருந்தது. ஆனால் கடைசல் பிடித்தவன், வார்ப்பு ஊற்றியவன், அச்சைத் தேய்த்துச் சரிசெய்தவன் எல்லாம் நம் ஆட்கள். சென்னைத் தொழிலாளி மோட்டார் வித்தையைக் கற்றது இந்தப் பட்டறைகளில்தான். 1967-ல் எண்ணூரிலிருந்து டைட்டான் என்ற மாடி பஸ் வெளியே வந்தது.

பிறகு நடந்தது வேடிக்கை. குருவாக இருந்த லேலண்ட் தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மற்றக் கம்பெனிகளோடு இணைக்கப்பட்டு, நஷ்டத்தில் மூழ்கி, 1975-ல் பிரிட்டிஷ் சர்க்காரின் கைக்குப் போயிற்று. 1987-ல் எண்ணூர்ப் பங்குகளை இந்துஜா குழுவும் இத்தாலியின் இவெக்கோவும் சேர்ந்து வாங்கின. 2007-ல் இவெக்கோவின் பங்கையும் இந்துஜாக்களே வாங்கிக்கொண்டார்கள். 2010-ல் துவங்கி, இங்கிலாந்தில் பழைய லேலண்ட் வம்சத்தில் வந்த ஆப்டேர் என்ற பஸ் கம்பெனியை எண்ணூர்க் கம்பெனி வாங்கியது. சிஷ்யன் குருவின் வீட்டையே விலை பேசிவிட்டான்!

கைதட்ட வேண்டாம், பொறுங்கள். அந்த ஆப்டேர் பெயர் மாறி ஸ்விட்ச் ஆயிற்று. 2025-ல் அதன் இங்கிலாந்துப் பாக்டரியில் உற்பத்தியை நிறுத்தும் யோசனையை நிர்வாகம் அறிவித்தது. அங்கே வேலைக்கு ஆபத்து வந்தவன் யார்? நம்மைப் போன்ற தொழிலாளிதான். முதலாளியின் தேசம் மாறினால் தொழிலாளியின் கவலை தீர்ந்துவிடாது. இதை ஒரு ஓரத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சு மட்டும் போதுமா?

அச்சு நம் கைக்கு வந்தால் எத்தனை பலம் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி புல்லட் மோட்டார் சைக்கிள். 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்பீல்ட் இந்தியாவை ஏற்படுத்தின. 1957-ல் அச்சுகளும் கருவிகளும் இந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்துக் கம்பெனி மூடிப்போயிற்று. திருவொற்றியூர்ப் புல்லட்டின் சத்தம் நிற்கவில்லை. இன்று உலகம் முழுதும் ஓடுகிற புல்லட் நம்முடைய ஊர்ச் சரக்கு.

ஆனால் அச்சு கைக்கு வந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்குச் சாட்சி வண்டலூர்.

அசோக் மோட்டார்ஸ் பிறந்த அதே 1948-ல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் பிறந்தது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனியோடு கூட்டு. வான்கார்டு கார், பிறகு 1961 முதல் ஹெரால்டு கார். ஹெரால்டைப் பெரியவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் காரை நான்கு கதவு உள்ளதாகச் சென்னையிலேயே மாற்றிச் செய்தார்கள். 1972-ல் கெஸல் என்ற பெயரில் அதையே இன்னும் கொஞ்சம் திருத்தினார்கள். அதற்கு மேல் புது உருவம் செதுக்க முடியவில்லை. 1977-ல் கார் தயாரிப்பு நின்றது.

எட்டு வருஷம் கழித்து, 1985-ல், ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். மேல் உடம்பு இங்கிலாந்தின் ரோவர் கார். உள்ளே இருந்த இஞ்சின் வான்கார்டு காலத்துப் பழைய இஞ்சின்! மாப்பிள்ளைக்குப் பட்டு வேஷ்டி, காலுக்கோ கிழிந்த செருப்பு. யார் வாங்குவான்? 1988-ல் பாக்டரி மூடப்பட்டது. அங்கே உழைத்தவர்கள் தெருவில் நின்றார்கள்.

கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் தயாரான அம்பாசிடர் காரும் இதே ரகம்தான். மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அச்சு அது. 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை ஏறக்குறைய அதே உருவம். போட்டி இல்லாத சந்தையில் லாபம் வந்துகொண்டிருந்தது. முதலாளி அந்த லாபத்தைப் புது இஞ்சின் படைப்பதில் போடவில்லை. அச்சு தேய்ந்தது, பாக்டரி நின்றது, சம்பளப் பாக்கியோடு நின்றவன் தொழிலாளி.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. சீனாவின் முதல் மோட்டார் பாக்டரி சாங்சுன் நகரத்தில் சோவியத் உதவியோடு 1953-ல் கட்டத் துவங்கப்பட்டு, 1956 ஜூலையில் முதல் லாரியை வெளியே விட்டது. விடுதலை என்று அந்த லாரிக்குப் பெயர். சோவியத் லாரியின் அச்சு. 1960-ல் சோவியத் நிபுணர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அதன் பிறகும் அந்த லாரி பெரிய மாற்றம் இல்லாமல் 1986 வரை, முப்பது வருஷம், வந்துகொண்டே இருந்தது. சீனாவின் அம்பாசிடர் என்று சொல்லலாம்!

ஷாங்காய் செய்தது என்ன?

இனி எம்.ஜி. காரின் சொந்தக்காரனான ஷாங்காய்க் கம்பெனியைப் பார்ப்போம்.

1984 அக்டோபரில் ஷாங்காய்க் கம்பெனி ஜெர்மனியின் வோக்ஸ்வாகனோடு ஒப்பந்தம் செய்தது. ஜெர்மானியருக்குப் பங்கு 50 சதவிகிதம். மற்றப் பாதி ஷாங்காய்க் கம்பெனி, சீன வங்கி, சீன மோட்டார் கார்ப்பரேஷன் மூன்றிடமும் இருந்தது. சாண்டனா என்ற கார். ஆரம்பத்தில் அவர்கள் நிலையும் நம் எண்ணூரின் நிலைதான். டயர், ரேடியோ, ஆன்டெனா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில சாமான்கள்தான் உள்நாட்டுச் சரக்கு. மிச்சம் எல்லாம் ஜெர்மனியிலிருந்து பெட்டியில் வந்தது.

அப்போது ஷாங்காய் நகர நிர்வாகம் ஒரு ஏற்பாடு செய்தது. விற்கிற ஒவ்வொரு காரின் விலையிலும் ஒரு தொகையை ஒதுக்கி நிதியாகச் சேர்த்தது. அந்த நிதியிலிருந்து பாகம் செய்யும் பாக்டரிகளுக்குக் கடன் கொடுத்தது. கியர் செய்கிறவன், விளக்கு செய்கிறவன், இருக்கை செய்கிறவன் ஒவ்வொருவனும் ஜெர்மன் அளவுக்குத் தேற வேண்டும். பத்து வருஷத்தில் காரின் பெரும்பகுதி உள்நாட்டுச் சரக்கு ஆயிற்று. 1994-ல் சீன சர்க்கார் தெளிவாகவே கொள்கை வகுத்தது: கார் பாக்டரியில் அந்நியனுக்குப் பாதிக்கு மேல் பங்கு கிடையாது. அந்த வரம்பு கார்களைப் பொறுத்தவரை 2022 வரை நீடித்தது.

1997-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஷாங்காய்க்கு வந்தபோது பாக்டரியோடு நிற்கவில்லை. வண்டியை வடிவமைக்கும் ஆராய்ச்சி நிலையம் ஒன்றையும் பாதிக்குப் பாதி கூட்டாக அங்கே திறக்கும்படி ஆயிற்று. பண்டம் ஊற்றும் சூளையோடு சேர்த்து, உருவம் செதுக்கும் கொட்டகையும் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதனாலேயே சீனா ஜெயித்துவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாமா? கூடாது. உண்மையைச் சொல்ல வேண்டும். ஷாங்காய் தானே செய்துவந்த பழைய காரை 1991-ல் நிறுத்திவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் அந்நியப் பெயர் தாங்கிய கார்கள்தான் அங்கே கொடிகட்டிப் பறந்தன. கூட்டாளியின் காரை விற்றே கொழுத்த லாபம் வரும்போது சொந்தக் காருக்கு எதற்கு மெனக்கெட வேண்டும் என்ற சோம்பல் அங்கேயும் வந்தது. கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான எஞ்சினீயர்களும் தொழிலாளர்களும், வளர்ந்த பட்டறைகளும் இருந்ததால்தான் பிற்பாடு சொந்த வண்டி செய்ய முடிந்தது. மின்சாரக் கார் வந்தபோது அந்த அஸ்திவாரம் கைகொடுத்தது. 2023-ல் சீனா ஜப்பானையும் முந்தி, உலகத்திலேயே அதிகமான மோட்டார் வண்டிகளை ஏற்றுமதி செய்யும் நாடாயிற்று.

இப்போது லாங்பிரிட்ஜுக்கு வருகிறேன். எண்ணூருக்கு ஆஸ்டின் கார் அனுப்பிய அதே லாங்பிரிட்ஜ்! பல கை மாறி, எம்.ஜி. ரோவர் என்ற பெயரில் அது 2005 ஏப்ரலில் திவாலாயிற்று. சுமார் 6,000 பிரிட்டிஷ் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். அதற்கு முன்பே, 2004-ல், ரோவர் கார்களின் வரைபட உரிமைகளை ஷாங்காய்க் கம்பெனி 6 கோடியே 70 லட்சம் பவுனுக்கு வாங்கியிருந்தது. மிச்சமிருந்ததை நான்ஜிங் நகரத்துக் கம்பெனி வாங்கியது. யந்திரங்கள் கழற்றப்பட்டுக் கப்பலேறிச் சீனாவுக்குப் போயின. 2007-ல் இரண்டு சீனக் கம்பெனிகளும் இணைந்தன. இப்படித்தான் எம்.ஜி. என்ற பெயர் ஷாங்காய்க்குப் போய், அங்கிருந்து நம் ஊர் ரோட்டுக்கு வந்தது.

வண்டலூர்க்காரரும் ரோவர் உடம்பை வாங்கினார்கள், ஷாங்காய்க்காரரும் ரோவர் வரைபடத்தை வாங்கினார்கள். ஒருவர் பாக்டரி பாழாயிற்று, மற்றவர் பாக்டரி பெருகிற்று. வித்தியாசம் எங்கே? வாங்கிய அச்சை உடைத்துப் பார்த்து, திருத்தி, புதிது செதுக்கும் கை ஒருவரிடம் இருந்தது. மற்றவரிடம் அந்தக் கை வளர்க்கப்படவில்லை.

எழுபத்தேழு நாட்கள்

ஆனால் தோழர்களே, கதை இதோடு முடிந்தால் அது பங்கு மார்க்கெட்டுக்காரன் சொல்லும் கதையாகிவிடும். தொழிலாளியின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

இதே ஷாங்காய்க் கம்பெனி 2004-ல் தென்கொரியாவின் சாங்யோங் கார்க் கம்பெனியில் ஏறக்குறையப் பாதிப் பங்கை வாங்கியது. வாக்குறுதி கொடுத்தபடி மூலதனம் போடவில்லை, வரைபடங்களைத்தான் கொண்டுபோனார்கள் என்று கொரியத் தொழிற்சங்கம் குற்றம் சாட்டியது. கம்பெனி அதை மறுத்தது. 2009-ல் சாங்யோங் திவால் நடவடிக்கைக்குப் போயிற்று. ஷாங்காய்க் கம்பெனி கையை உதறிவிட்டது. 2,646 பேருக்கு ஆட்குறைப்பு என்று அறிவிப்பு வந்தது.

பியோங்டேக் நகரத்துப் பாக்டரிக்குள் தொழிலாளர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 77 நாட்கள்! தண்ணீர் நிறுத்தப்பட்டது. ஹெலிகாப்டரிலிருந்து கண்ணீர்ப்புகைத் திரவம் ஊற்றப்பட்டது. முடிவில் போலீஸ் புகுந்தது. பின்னால் வந்த வருஷங்களில் வேலையிழந்தவர்களிலும் அவர்கள் குடும்பத்திலும் பலர் மனமுடைந்து மாண்டார்கள். ஆனாலும் சங்கத்தார் விடவில்லை. 2018-ல் உடன்பாடு ஏற்பட்டு, மிச்சமிருந்த 119 பேரையும் திரும்ப எடுப்பதாக ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒன்பது வருஷப் போராட்டம்!

அப்போது சாங்யோங்கின் முதலாளி யார் தெரியுமா? நம் நாட்டு மகிந்திரா. 2011-ல் வாங்கினார்கள். 2020-ல் இனிப் பணம் போட முடியாது என்று ஒதுங்கினார்கள். 2022-ல் ஒரு கொரியக் கம்பெனி வாங்கியது. சீனக் கம்பெனி வந்தது, போயிற்று. இந்தியக் கம்பெனி வந்தது, போயிற்று. தொழிலாளி எங்கே போவான்? அவன் வீடு அங்கே, பிள்ளையின் பள்ளிக்கூடம் அங்கே.

மறைமலை நகர்

நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 1953-க்குப் பிறகு மூட்டை கட்டிப்போன போர்டு, நாற்பது வருஷம் கழித்து 1995-ல் திரும்பி வந்தது. மகிந்திராவோடு பாதிக்குப் பாதி கூட்டு. 1998-ல் போர்டு பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. மறைமலை நகர்ப் பாக்டரியிலிருந்து 1999-ல் ஐகான் கார் வந்தது. நம் பிள்ளைகள் அங்கே கார்களும் இஞ்சின்களும் செய்து வெளிநாடுகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். அவர்கள் கையில் குறை என்று யாரும் சொல்லவில்லை.

2021 செப்டம்பர் 9-ம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துகிறோம் என்றது கம்பெனி. மறைமலை நகரிலும் குஜராத்திலுமாகச் சுமார் 4,000 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். பாகம் செய்து கொடுத்த சிறு பட்டறைகளின் கணக்கு வேறு. 2022 கோடையில் நியாயமான இழப்பீட்டுக்காகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது.

இப்போது போர்டு மூன்றாம் முறை வருகிறது. 3,250 கோடி ரூபாய் போட்டு அதே மறைமலை நகரில் 2029 முதல் இஞ்சின் தயாரிக்க 2025 அக்டோபரில் தமிழ்நாட்டு சர்க்காரோடு ஒப்பந்தம் செய்திருக்கிறது. வரட்டும். வேலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இரண்டு முறை போனவனை மூன்றாம் முறை வரவேற்கும்போது, நிபந்தனை என்ன என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

இன்னொரு பக்கம் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் 1998 முதல் கார் செய்யும் ஹூண்டாய், 1968-ல் கொரியாவில் போர்டின் கார்ட்டினா காரைப் பூட்டித்தான் தொழில் கற்றது. 1975-ல் சொந்தப் பெயரில் போனி என்று கார் செய்தது. அப்போதும் இஞ்சின் ஜப்பான்காரனுடையது. 1991-ல் சொந்த இஞ்சின் செய்தது. இன்று நம் மண்ணில் நூற்றுக்கு நூறு தன் கம்பெனியாக நுழைந்து, பிறகு 2024-ல் ஒரு பகுதிப் பங்கை இங்கே விற்றது. இங்கே செய்யும் காருக்கு, வரைபடம் கொடுத்ததற்கென்று வருவாயில் 3.5 சதவிகிதம் ராயல்டி தாய்க் கம்பெனிக்குப் போகிறது. நூறு ரூபாய்க்குக் கார் விற்றால் மூன்றரை ரூபாய் அச்சுக்கு வாடகை! அச்சு யார் கையில் என்று நான் கேட்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

நாம் கேட்க வேண்டியது

அந்நியன் என்றாலே கூடாது என்று நாம் சொல்வதில்லை. பக்கத்திலே நெய்வேலி இருக்கிறது. சுரங்க யந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது, முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியால் எழுந்தது. ஆனால் நிலையம் பொதுச்சொத்தாக இருந்தது. நம் எஞ்சினீயர்களும் தொழிலாளர்களும் ஓட்டக் கற்றார்கள், அடுத்த நிலையங்களைக் கட்டினார்கள். அங்கேயும் தீராத கணக்கு ஒன்று உண்டு. நிலம் கொடுத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு நிரந்தர வேலை எங்கே என்ற கேள்வி அது. நிலத்தில் கூலி வேலை செய்து வாழ்ந்தவனுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியோ அதைவிடப் பெரியது. விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே எந்த தேசத்துக் கம்பெனி வந்தாலும் நாம் கேட்க வேண்டியவை நான்கு.

முதலாவது, நிலம், தண்ணீர், மின்சாரம், வரிச்சலுகை எல்லாம் மக்கள் சொத்து. அவற்றைக் கொடுக்கும் ஒப்பந்தத்தை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

இரண்டாவது, பூட்டும் வேலையோடு நிற்கக் கூடாது. அச்சும் கருவியும் செய்யும் பட்டறை, வடிவமைக்கும் நிலையம், பாகம் செய்யும் சிறு தொழில் இவை இங்கே வளர வேண்டும். பீங்கான் ஊரான இந்த ஊரில் பியூஸ் கட்டையும் பொம்மையும் செய்யத் தெரிந்த கைகளுக்கு, தக்க சூளையும் பயிற்சியும் கொடுத்தால், மோட்டாருக்கும் மின்சாரத்துக்கும் வேண்டிய உயர்ந்த பீங்கான் சாமான்களை ஏன் செய்ய முடியாது?

மூன்றாவது, வித்தை தங்குவது தொழிலாளியின் கையில்தான். எட்டு மாதத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றினால் கை எப்படித் தேறும்? காண்டிராக்டு முறையும், முடிவில்லாத பயிற்சி முறையும் தொழிலாளியை மட்டும் கெடுக்கவில்லை, தொழிலையே கெடுக்கின்றன. நிரந்தர வேலை வேண்டும், சங்கம் வைக்கும் உரிமை வேண்டும்.

நான்காவது, வரும்போதே போகும் வழியும் எழுதப்பட வேண்டும். கம்பெனி கிளம்பினால் தொழிலாளிக்கு என்ன, சிறு பட்டறைக்கு என்ன, சலுகையாகப் பெற்ற நிலத்துக்கு என்ன? இதை முதல் நாளிலேயே காகிதத்தில் எழுது என்று கேட்க வேண்டும்.

யார் கேட்பது? ஷாங்காயில் சர்க்கார் கேட்டது, ஜெர்மானியன் ஒப்புக்கொண்டான். பியோங்டேக்கில் முன்கூட்டி யாரும் கேட்கவில்லை, தொழிலாளர்கள் ஒன்பது வருஷம் போராடிக் கேட்க வேண்டியதாயிற்று. நம் பிள்ளைகளுக்கு அந்த ஒன்பது வருஷம் வர வேண்டாம் என்றால், இன்றைக்கே, சூளைக்காரனும் மில் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் சேர்ந்து கேட்க வேண்டும்.

என்னிடம் கேள்வி கேட்ட இளந்தோழருக்கு என் பதில் இதுதான். ரோட்டில் ஓடுகிற கார் எந்த தேசத்துக் கார் என்று பெயர்ப்பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதன் மூல உருவத்தைச் செதுக்கிய கை யாருடையது, அந்தக் கைக்கு என்ன உரிமை இருக்கிறது, இந்த இரண்டையும் கேட்டுப் பார். நாளைக்குக் காலையில் அச்சைத் திறந்து பண்டத்தை எடுக்கும்போது உன் கையையே ஒரு தடவை பார்த்துக்கொள். இந்த ஊரின் மூலதனம் அதுதான்.